பெட்டிக்கடைக் கதவும் வந்தவாசிப் பாயும்

எங்கள் வீட்டுப் பொலேரோ பிக்கப் ஏப்ரல் தொடங்கி ஜூலை முடியும் வரை மாங்காய்க்கும், மற்ற மாதங்களில் வாரத்தில் நான்கு நாள் தேங்காய்க்கும் சொந்தமானது. குடியாத்தம் பக்கத்துக் கொல்லைகளில் காய் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பாவின் தொழில். மிச்ச நாட்களில் வண்டியை எடுத்துக்கொள்ள எனக்கும் என் மனைவிக்கும் அனுமதி உண்டு. அந்த மிச்ச நாட்களுக்காக, வண்டியின் பின்தொட்டியில் இருவர் படுத்து உறங்கும்படியான ஒரு பெட்டியைக் கட்டினோம். கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு ஆனது. இடையில் இரண்டு முறை முழுவதுமாகப் பிரித்துப் பூட்ட வேண்டியிருந்தது.

தொடக்கத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொண்டோம்: பெட்டி வண்டியின் பாகமாக இருக்கக் கூடாது, வண்டியில் ஏற்றிய சரக்காகவே இருக்க வேண்டும். அப்பாவின் தொழில் அதற்கு ஒரு காரணம் என்றால் சட்டம் இன்னொரு காரணம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. தொட்டியின் தகரத்தை வெட்டி, சேஸியோடு பெட்டியைப் பற்றவைத்துவிட்டால் அடுத்த முறை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது என்ன பதில் சொல்வது? எங்கள் வண்டிக்கு எட்டு வயது கடந்துவிட்டதால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும். ஆகவே ஒரு துளைகூடப் புதிதாகப் போடாமல், ஏற்கெனவே இருக்கும் கயிறு கட்டும் கொக்கிகளை மட்டுமே நம்பிப் பெட்டியை வடிவமைத்தோம். சரக்கு பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தால் இப்போது அபராதம் 20,000 ரூபாய் என்பதால், தொட்டியின் உள்ளளவுக்குள்ளேயே, 8 அடி 2 அங்குல நீளமும் 5 அடி 3 அங்குல அகலமுமாக அதை அடக்கினோம். வண்டி ஓடும்போது பின்னால் யாரும் அமர்வதில்லை. சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெட்டிக்குள் கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்து பார்த்தால் சட்டமே தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

வெல்டிங் பட்டறை பாயிடம் படத்தைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, ஏத்தறது பெரிசில்ல, எறக்கறது எப்படி?" என்று கேட்டார். வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கென்றே நான்கு கால்கள் விற்கிறார்கள். அவற்றை வரவழைக்கும் விலையில் இங்கே இன்னொரு பெட்டியைக் கட்டிவிடலாம். பாய்தான் வழி சொன்னார். கான்கிரீட் தளம் போடும்போது பலகைக்கு முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் ஜாக்கிகள் நான்கை, பழைய சாமான் கடையில் வாங்கிவரச் சொன்னார். பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒரு அடி வெளியே இழுக்கக்கூடிய ஸ்கொயர் பைப்புகளைச் செருகி, அவற்றின் முனையில் ஜாக்கியைப் பூட்டுவதற்கு உறை வைத்தார். இப்போது பக்கக் கதவுகளை இறக்கிவிட்டு, நான்கு ஜாக்கிகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் திருகினால் பெட்டி மூன்று அங்குலம் எழும்பும். வண்டியை முன்னே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இருவர் சேர்ந்தால் நாற்பது நிமிட வேலை. தரை மண்ணாக இருந்தால் ஒவ்வொரு ஜாக்கியின் அடியிலும் பலகைத் துண்டு வைப்பது கட்டாயம். ஒருமுறை மழைக்குப் பிறகு அதை மறந்தோம். ஒரு கால் அரையடி புதைந்து பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

எடை பற்றி நான் போட்ட கணக்கு ஒன்று, எடை மேடை சொன்னது வேறொன்று. சட்டகத்துக்கு 25 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப், 1.6 மில்லிமீட்டர் கனம். அது மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ வரும், 40 மீட்டருக்கு 47 கிலோ. வெளிச்சுவருக்கும் கூரைக்கும் 3 மில்லிமீட்டர் ஏசிபி ஷீட் (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு), தரைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட், உள்சுவருக்கு 4 மில்லிமீட்டர் பிளைவுட் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, தண்ணீரும் பாத்திரமும் உட்பட 310 கிலோ என்று எழுதி வைத்திருந்தேன். எடை மேடையில் வெறும் வண்டியை ஒருமுறையும் பெட்டியோடு மறுமுறையும் நிறுத்தியபோது வித்தியாசம் 380 கிலோ. பசை, திருகு, கீல், பெயிண்ட் என்று கணக்கில் எழுதாமல் விட்டவை எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை சிமென்டை விட அதிகமாக இருந்திருக்கின்றன. ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும் வண்டிக்கு இது பாரமே இல்லை என்பது உண்மைதான். காலியாக ஓட்டும்போது பின்சக்கர வில்பட்டைகள் விறைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளும் இந்த வண்டி, பெட்டி ஏறிய பிறகுதான் அடங்கி ஓடுகிறது. கவலை எடையின் அளவில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. அதனால் நிமிர்ந்து நிற்கும் ஆசையை விட்டுவிட்டு, உள்ளே நான்கரை அடி உயரத்தோடு நிறுத்திக்கொண்டோம். நிற்க வேண்டுமானால் வெளியே நிற்கலாம், ஊரெல்லாம் இடம் இருக்கிறது.

இனி வெயில். வேலூர்க்காரர்களுக்கு இதைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. இணையத்தில் நான் பார்த்த பெட்டி வண்டிகள் அனைத்தும் குளிரை வெளியே வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. அடுப்பு, கனப்பு, பனி என்றே பேசினார்கள். நானும் அவர்களைப் போலவே சுவரில் அடைப்பதை அடைத்து, இடுக்கெல்லாம் பூசி, அழகுக்காகச் சாம்பல் நிற ஏசிபி ஷீட்டைப் போட்டேன். மாங்காய்ப் பருவம் தொடங்கியதும் வண்டி போய்விட, பெட்டி எங்கள் வீட்டு முற்றத்தில் நான்கு கால்களில் நின்றது. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், நிழலில் 41 டிகிரி காட்டிய நாளின் பிற்பகல் மூன்று மணிக்கு, உள்ளே தொங்கவிட்டிருந்த வெப்பமானியில் 48 டிகிரி இருந்தது. மனிதர் படுக்கும் இடமல்ல, அப்பளம் காயவைக்கும் இடம்.

அந்த மே மாதம் முழுவதும் முற்றத்தில் நின்ற பெட்டியில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். பெட்டி வண்டியிலேயே இருந்திருந்தால் இந்தச் சோதனை நடந்திருக்காது என்பதை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் நிறம். கூரைக்கு மொட்டை மாடியில் அடிக்கும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்டை இரண்டு கை அடித்தேன். சுவர்களின் சாம்பல் ஷீட்டைக் கழற்றிவிட்டு வெள்ளை ஷீட் போட்டேன். செலவில் வலித்த இடம் இதுதான். இரண்டாவது, உள்பலகையைக் கையால் தடவிப் பார்த்தபோது கோடு கோடாகச் சூடு தெரிந்தது. இரும்புக் குழாய் ஓடும் இடமெல்லாம் வெளிச்சூடு தடையில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. நடுவில் எத்தனை தடிமனாக அடைத்தாலும் இரும்பு அதற்குக் குறுக்கே பாலம் போட்டுவிடுகிறது. இதற்கு மருந்து ஆம்பூரில் கிடைத்தது. ஷூ கம்பெனிகளுக்கு அடிப்பாகம் வெட்டித் தரும் இடங்களில் மிஞ்சும் இ.வி.ஏ. என்கிற நுரை ஷீட் துண்டுகளைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளை நாடாவாகக் கிழித்து, குழாய்க்கும் உள்பலகைக்கும் இடையே ஒட்டினேன். கோடுகள் மறைந்தன.

ஆம்பூரிலேயே ஒரு பாடமும் வாங்கினேன். ஷூ ஒட்டும் சொல்யூஷன் ஒரு டப்பா வாங்கிவந்து, சுவருக்குள் வைப்பதற்காக வெட்டி வைத்திருந்த தெர்மாகோல் பலகைமேல் தாராளமாகத் தடவி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பலகையில் பள்ளம் பள்ளமாகக் கரைந்திருந்தது. அந்தப் பசையில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அதன் அண்ணன் முறையான, அதைவிட இறுகிய எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகைக்கும் இதே கதிதான். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையோ, துப்பாக்கியில் அடிக்கும் பி.யு. நுரையோதான் அவற்றுக்குச் சரி. இரண்டாம் முறை 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். பலகைகளைப் போட்டு, இடைவெளிகளை நுரையால் அடைத்தேன்.

மூன்றாவது மாற்றத்துக்குக் காரணம் அப்பா. முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்து நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "மேல ஒரு பந்தல் போட்டா முடிஞ்சுதே" என்றார். சோலார் பேனலைக் கூரையோடு ஒட்டப் பதித்திருந்தேன். அதைக் கழற்றி மூன்று அங்குல உயரத்தில் தாங்கிகள்மேல் வைத்து, பேனல் மறைக்காத பகுதிக்கும் அதே உயரத்தில் ஒரு வெள்ளை ஷீட்டைப் போட்டேன். வெயில் பந்தலில் விழுகிறது, பந்தலுக்கும் கூரைக்கும் நடுவே காற்று ஓடுகிறது, கூரை நிழலில் கிடக்கிறது. மற்ற எல்லாவற்றையும் விட அதிக வேறுபாட்டைக் கொடுத்தது இந்த ஒரு மாற்றமே. பேனலுக்கும் இது நல்லது. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். நம் ஊர் வெயிலில் 65 டிகிரிக்குச் சூடேறும் 165 வாட் பேனல் 140 வாட்டுக்குக் கீழேதான் கொடுக்கும். அடியில் காற்று ஓடினால் அந்த இழப்பு கொஞ்சம் குறைகிறது.

இத்தனைக்கும் பிறகு, மூடிய பெட்டிக்குள் அதே மூன்று மணிக்கு 43 டிகிரி. ஏசி இல்லாமல் வெளிநிழலை விடக் குளிராக ஒரு தகரப் பெட்டியை வைக்க முடியாது என்பதை அன்று ஒப்புக்கொண்டேன். அதன் பிறகே, மூடுவதை விட்டுவிட்டுத் திறப்பதைப் பற்றி யோசித்தேன்.

எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் காலையில் கடைக்காரர் முன்பலகையை மேலே தூக்கி, இரண்டு கம்பிகளை முட்டுக் கொடுத்து நிறுத்துவார். கடை திறந்தாகிவிட்டது, வாடிக்கையாளருக்கு நிழலும் ஆகிவிட்டது. எங்கள் பெட்டியின் இரண்டு நீளச் சுவர்களையும் அப்படியே ஆக்கினோம். தொட்டியின் பக்கக் கதவு உயரத்துக்கு மேலே உள்ள பகுதி முழுவதையும் வெட்டி, மேல்விளிம்பில் நீளக் கீல் பூட்டி, கார் டிக்கியில் இருக்கும் கேஸ் ஸ்ட்ரட்டுகளைப் பொருத்தினோம். இரண்டு பக்கமும் தூக்கிவிட்டால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது; உட்புறம் கொசுவலையை வெல்க்ரோ நாடாவால் ஒட்டியிருக்கிறோம். மாலையில் இதன் அருமை இன்னும் கூடுதலாகத் தெரியும். பகலெல்லாம் வெயில் குடித்த நம் வீட்டுக் கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்க, இந்த மெல்லிய பெட்டியில் சேர்த்து வைக்கச் சூடு இல்லாததால் ஏழரை மணிக்கே வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வந்துவிடுகிறது.

படுக்கைக்கு நான்கு அங்குல ஃபோம் மெத்தை வாங்கினோம். முதல் இரவிலேயே முதுகு முழுவதும் வியர்வை. அதன்மேல் வந்தவாசிக் கோரைப் பாயை விரித்த பிறகே உறக்கம் வந்தது. விலை குறைந்த சாமான் அதுதான், வேலை செய்த சாமானும் அதுதான். படுக்கை ஆறடி இரண்டங்குல நீளம். மிச்சமிருக்கும் ஒன்றரை அடியில் பின்பக்கமாகத் திறக்கும் அலமாரி ஒன்றே எங்கள் சமையலறை. வண்டியின் பின்கதவை இறக்கினால் அதுவே மேடை. ஐந்து கிலோ எரிவாயு உருளையை வெளியே இறக்கி வைத்து, வெளியிலேயே சமைக்கிறோம். அந்த வாயு காற்றை விடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு தேங்கும். அதற்காக உருளை வைக்கும் அறையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு விட்டு வலை அடித்திருக்கிறோம். தண்ணீர் இருபது லிட்டர் கேன் இரண்டு. குளிக்க நாங்கள் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. பம்பு செட்டு இருக்கும் கழனியோரம் வண்டியை நிறுத்தப் பழகியவர்களுக்கு ஷவர் எதற்கு?

மின்சாரத்தில் முதலில் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரியைத்தான் நினைத்தேன். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், அதிலும் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுள் குறையும். அதை விட்டு 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கினேன். பன்னிரண்டு கிலோகூட இல்லை, 1,280 வாட்-மணி தாங்கும். இருபது வாட் மின்விசிறி இரண்டு பத்து மணி நேரம் ஓடினால் 400, விளக்குக்கும் கைபேசிக்கும் 80 என்று வைத்தாலும், வெயிலே அடிக்காவிட்டாலும் இரண்டு இரவு தாராளமாக வரும். குளிர்பெட்டி வைக்கவில்லை. வெப்பம் கூடக்கூட அதன் மோட்டார் ஓயாமல் ஓடும், நமக்கு அது கட்டுப்படியாகாது.

இந்த பேட்டரியை முதலில் மேல் அலமாரியில் வைத்திருந்தேன். மே மாதத்தில் நண்பகல் ஆனால் சோலார் சார்ஜ் ஏறுவது தானாக நின்றுவிடும், மாலையில் மறுபடியும் தொடங்கும். வயரைச் சோதித்தேன், கன்ட்ரோலரைச் சந்தேகித்தேன், விற்றவரிடம் கோபமாகப் பேசவும் செய்தேன். கடைசியில் கையேட்டைப் படித்தபோது, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்று எழுதியிருந்தது. பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று சரியாகத்தான் தன் வேலையைச் செய்திருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏறாது என்று புலம்புவார்கள், நமக்கு மறுமுனையில் பிரச்சினை. பேட்டரியைப் படுக்கையின் கீழே, தரையோடு, இரண்டு பக்கமும் காற்றுத் துளை உள்ள அறைக்கு மாற்றினேன். அதிலிருந்து புறப்படும் நேர்முனை வயரில், ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டு வயரிங் செய்பவர் இது தேவையில்லை என்றார். அவர் பேச்சைக் கேட்கவில்லை.

முதல் பயணம் ஆலங்காயம் வழியாகக் காவலூர் ஏறி ஜமுனாமரத்தூருக்கு. வானாய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; வேலூரை விட ஏறத்தாழ 500 மீட்டர் மேலே என்பதால் மூன்று டிகிரியாவது குறையும், செப்டம்பர் இரவில் அது போதும். மலை ஏறும்போது பின்னாலிருந்து "கிறீச்" என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் பெட்டி இரண்டு அங்குலம் இடதுபுறம் நகர்ந்து தொட்டியின் பக்கக் கதவை உரசிக்கொண்டிருந்தது. நான்கு ராட்செட் பெல்ட்டுகளையும் நேர் கீழாக இழுத்துக் கட்டியிருந்தேன். அவை பெட்டி மேலே எழும்பாமல் தடுத்தன, பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்கவில்லை. தேங்காய் மூட்டைக்குக் கயிற்றைக் குறுக்காகப் போடுவதை இருபது வருடமாகப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அங்கேயே பெல்ட்டுகளைக் குறுக்காக மாற்றிக் கட்டினோம். வீடு திரும்பியதும் தொட்டித் தரையில் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை விரித்தோம். அதன் பிறகு ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்டி அசையவில்லை. ஆனாலும் புறப்பட்டுப் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை இறங்கி பெல்ட்டை இறுக்கிப் பார்க்கும் பழக்கத்தை விடவில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி இரவு தங்க முடியாது என்பதால், ஜமுனாமரத்தூரை அடுத்து எங்களுக்குத் தெரிந்தவரின் சாமைக் கொல்லை ஓரத்தில்தான் அன்று நிறுத்தினோம். காலையில் அவர் வீட்டிலிருந்து தேநீர் வந்தது.

ஐப்பசி மழை ஒரு குறையைக் காட்டிக்கொடுத்தது. தூக்கிய கதவின் கீல் ஓரமாகத் தண்ணீர் சொட்டி, சரியாகத் தலையணைமேல் விழுந்தது. சிலிக்கான் பூசிப் பார்த்தேன், கீல் அசைய அசைய அது பிய்ந்துகொண்டது. இப்போது கீலுக்கு மேலே, பேருந்து ஜன்னல்களுக்கு மேல் இருப்பதைப் போல ஒரு சிறிய தகரத் தாழ்வாரம் வளைத்து அடிக்கச் சொல்லி பாயிடம் கொடுத்த அளவுச்சீட்டு அவர் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கிடக்கிறது. இதுவரை ஆன செலவு 1,40,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பிரித்துப் பிரித்துக் கட்டாமல் ஒரே முறையில் கட்டியிருந்தால் முப்பதாயிரமாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது மறுபடியும் மாங்காய்ப் பருவம், பெட்டி முற்றத்தில் இறங்கி நிற்கிறது. லோடு இல்லாத மதியங்களில் அப்பா இரண்டு பக்கக் கதவுகளையும் தூக்கிவிட்டு, மெத்தையை உருட்டி ஓரம் தள்ளிவிட்டு, பாயை மட்டும் விரித்துப் படுத்துக்கொள்கிறார். தாழ்வாரத் தகரத்துக்காகப் பெட்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போக வேண்டும் என்றேன். ஆடி முடியட்டும் என்கிறார்.